மூலை இல்லாத வீடு விற்பனைக்கு

தரகர் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று போர்டு மாட்டிய மறுநாள் காலையில், எதிர்ப் பக்கத்துப் புது பிளாட்டுகளில் குடியிருக்கும் பெண்கள் காலிக்குடங்களோடு வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பஸ் நின்றது. அதற்குப் பின்னால் பருத்தி ஏற்றிய லாரி நின்றது. ஊருக்குச் சொந்தமான தண்ணீர்த் தொட்டியை யாரைக் கேட்டு விற்கிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

“இது தொட்டி இல்ல தாயி, வீடு. நாப்பது வருசமா நான் இதுக்குள்ளதான் குடியிருக்கேன்.”

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். “தொட்டிக்குள்ளயா குடியிருக்கிய? அந்தத் தண்ணியத்தானம்மா நாங்க குடிக்கோம்.”

போர்டு மாட்டுவதற்காக மதுரையிலிருந்து வந்திருந்த நான், வேறு வழியில்லாமல் எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒருத்தி சுவரைத் தட்டிப் பார்த்தாள். இன்னொருத்தி மேலே எங்கேயாவது மூடி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். வந்ததற்கு எங்கள் போர் குழாயில் குடங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். பஸ் டிரைவரும் இறங்கி வந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் தரகர் அண்ணாச்சி போர்டில் ‘இது தொட்டி அல்ல’ என்று சிவப்பு பெயிண்டில் ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெண்களைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா மேல்நிலைத் தொட்டி கட்டுகிற காண்டிராக்டர். கயத்தாறு, கடம்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பஸ் ஜன்னலில் அவர் கட்டிய தொட்டி ஒன்று தெரியும். தொட்டிக்குக் கான்கிரீட் ஊற்ற வளைந்த இரும்புத் தகடுகள் வேண்டும். வட்டமாக நிறுத்தி, ஊற்றி, இறுகிய பிறகு கழற்றிவிடுவார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நாலைந்து ஊர் வேலை தள்ளிப்போய், தகடு பூராவும் எங்கள் கரிசல் காட்டில் கிடந்து வெயில் காய்ந்தது. சும்மா கிடக்கிற சாமானைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்காது. அந்தத் தகடுகளை வைத்தே வீட்டைக் கட்டிவிட்டார்.

நடுவில் ஒரு பெரிய வட்டம். அதை ஒட்டி மூன்று சின்ன வட்டம். எந்தத் தகட்டில் எந்த அறை என்று அவருக்குத்தான் தெரியும், அதனால் அறைகளை லிட்டரில்தான் சொல்வார். அறுபதாயிரம் லிட்டர் ஹால், முப்பதாயிரம் லிட்டர் பெட்ரூம், பத்தாயிரம் லிட்டர் அடுப்படி. “உங்கம்மா எங்கட்டி?” என்று கேட்டால், “பத்தாயிரத்துல இருக்காப்பா” என்று நான் பதில் சொல்லி வளர்ந்தேன். வட்டமும் வட்டமும் சேருகிற இடத்தில் இயல்பாக ஒரு முனை வரும் அல்லவா, அதையும் அப்பா விட்டுவைக்கவில்லை. கொத்தனாரைப் பக்கத்தில் நிறுத்திக் கரண்டியால் வழித்துவிட்டார். மொத்த வீட்டிலும் ஒரு மூலை கிடையாது.

அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. கரிசல் மண் வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், மழைக்கு ஊதிக்கொள்ளும். அதன்மேல் கட்டுகிற வீடு மூலையில்தான் முதலில் விரிசல் விடும். “மூலையே இல்லைன்னா எங்கன வெடிக்கும்?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். வீடு வெடிக்கவில்லை. அதற்குப் பதிலாக மொத்தமாக அசைந்தது. சித்திரை வெயிலில் மேற்கே கொஞ்சம் சாயும், ஐப்பசி மழைக்கு நிமிரும். மழைக்காலம் வந்துவிட்டதா என்று மற்ற வீட்டுக்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் ஹால் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்ப்போம்.

அம்மா அந்த வீட்டைத் திட்டாத நாள் இல்லை. வட்டச் சுவருக்கும் பீரோவுக்கும் ஆகாது. சாத்தி வைத்தால் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இடம் விழும். அதனால் இரண்டு பீரோக்களும் ஹாலின் நட்ட நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் பீரோவை ஒரு சுற்றுச் சுற்றினால்தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியும். விளக்குமாறைச் சாத்தி வைக்க முடியாது, சுவரோரமாக வழுக்கிக்கொண்டே போய் விழும். கூட்டினால் குப்பை ஒதுங்க இடமில்லை. அம்மா சுவரோரமாகக் கூட்டிக்கொண்டே போய், ஆரம்பித்த இடத்துக்கே வந்து, அங்கே கிடக்கிற குப்பையைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள். “ஒரு மூலை வச்சுக் கட்டத் துப்பில்ல, காண்டிராக்டராம்” என்பாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தவே மாட்டார்.

நான் சேட்டை செய்தால் அம்மா பழக்கதோஷத்தில் “போய் மூலையில நில்லுட்டி” என்பாள். நான் மூலை தேடிச் சுற்றிக்கொண்டே இருப்பேன். மூன்றாவது சுற்றில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். தண்டனையே வாங்காமல் வளர்ந்தவள் இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றுகிறேன்.

அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா அந்த அறுபதாயிரம் லிட்டரில் தனியாக இருந்தாள். போன கோடையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து கூப்பிட்டுப் பார்க்கும் வரை எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்திருக்கிறாள். முழங்கால் இனிமேல் பழையபடி ஆகாது, தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சு பதறும். மதுரைக்கு வந்துவிடு என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கடைசியில் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு வரமாட்டாள், விற்ற பிறகுதான் வருவாள். வாங்குகிறவன் வீட்டை இடிக்கவும் கூடாது, உள்ளே மூலை வைத்துச் சுவர் கட்டவும் கூடாது.

“வாழ்நாள் பூரா மூலை இல்லைன்னு அழுதவ நீதானம்மா.”

“அழுதேன். இப்ப வேண்டாங்கேன். ஒனக்கு என்னட்டி?”

இப்படி ஒரு நிபந்தனையோடு கோவில்பட்டிப் பக்கம் யார் வீடு வாங்குவார்கள்? வாங்காவிட்டால் அவள் அங்கேயே தனியாகக் கிடப்பாள். மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தரகர் அண்ணாச்சி நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்தது தீப்பெட்டி ஆபீஸும் பருத்திக் குடோனும்தான். வட்டமான சொத்தை எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தவித்தார். வந்தவர்களிடம் “நல்ல வீடு, கொஞ்சம் உருண்டையா இருக்கும்” என்று ஆரம்பிப்பார். ஒருத்தர் மீன் வளர்க்கக் கேட்டார். ஒருத்தர் உளுந்து கொட்டி வைக்கலாம் என்று வந்து, மேலே ஓட்டை போட்டுக் கொட்டி, வாசல் வழியாக அள்ளிக்கொள்ளலாமா என்று யோசனை கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அப்போதுதான் என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர், அபூர்வமான வீடுகளை மட்டும் விற்பதற்கென்று ஒரு வெப்சைட் இருப்பதாகச் சொன்னார். காரைக்குடிப் பங்களா, பாண்டிச்சேரி பிரெஞ்சு வீடு, பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட்டுகள் கட்டிய கண்ணாடி வீடு என்று போட்டிருந்தார்கள். நான் விளையாட்டாக எங்கள் வீட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். அந்த வாரமே சென்னையிலிருந்து ஒரு தம்பி காதில் கடுக்கனும் கையில் ட்ரோனுமாக வந்து இறங்கினார்.

அவர் உள்ளே வந்ததும் ட்ரோனைக் கீழே வைத்தார். சுவரைத் தடவினார். அப்பா பூச்சு பூசவில்லை, சிமெண்ட் தீர்ந்துவிட்டது என்பதால். தகட்டின் தடம் வரி வரியாகச் சுவரில் அப்படியே தெரியும். அந்தத் தம்பி அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“வெயில்ல வந்த மயக்கமா இருக்கும். சர்க்கரை போட்டுத் தண்ணி குடு” என்றாள்.

கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டார். “இதை டிசைன் பண்ணினது யாரும்மா?”

“இவ அப்பாதான்.”

“அவருக்கு இன்ஸ்பிரேஷன் என்னவா இருந்தது?”

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன், எதைப் பார்த்து இப்படிக் கட்டத் தோன்றியது என்று கேட்கிறார்.

“தகடு மிச்சம் இருந்துச்சு” என்றாள் அம்மா.

அவர் அதைப் பக்தியோடு போனில் குறித்துக்கொண்டார். காலண்டரைக் கழற்றச் சொன்னார், கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னார். பீரோக்களை மட்டும் தொடக்கூடாது என்றார். நடுவில் முதுகோடு முதுகாக நிற்பதில் ஏதோ அர்த்தம் இருக்கிறதாம். மேலே ட்ரோன் விட்டபோது மொட்டைமாடியில் அம்மா காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் வட்டமாகச் சிவந்து கிடந்தது. அந்தப் படம்தான் வெப்சைட்டில் முதலில் வந்தது. கீழே இங்கிலீஷில் ஒரு முழ நீளப் பத்தி. அப்பா ஒரு மறக்கப்பட்ட மேதை என்றும், மூலைகளின் கொடுங்கோன்மையை எதிர்த்தவர் என்றும், வறண்ட நிலத்தில் தண்ணீருக்கான ஏக்கத்தைக் கான்கிரீட்டில் சொன்னவர் என்றும் எழுதியிருந்தது. நான் அதைத் தமிழில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, “யாரைச் சொல்லுதாக?” என்றாள்.

அதைப் பார்த்து பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்களும் சுவரைத் தடவினார்கள். சுவருக்கு இவ்வளவு கவனிப்பு அப்பா இருந்தபோது கிடைத்ததில்லை. ஹால் கூரையை அப்படியே அறுத்து எடுத்துவிட்டால் வானம் வீட்டுக்குள் வந்துவிடும் என்றார் அந்த அம்மா. எங்கள் ஊர் வானம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மாடியில் போய் நின்று பார்த்தார்கள். அன்றைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். போகும்போது கடலை மிட்டாய் நிறைய வாங்கிக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்தது. மழைக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிப்போய்விட வேண்டும் என்ற என் கணக்கு தப்பிக்கொண்டே வந்தது. ஒரு தடவை போன் எடுக்கத் தாமதமானதற்கு நான் பாதி வகுப்பில் வெளியே ஓடினேன். அவள் மாடியில் வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு படி ஏறியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட் வைத்திருக்கும் ஒருத்தரைத் தரகர் அண்ணாச்சி கூட்டிவந்தார். அவருடைய சம்பந்தி வீட்டில் லிஃப்ட் இருக்கிறதாம். அதற்குச் சரியாக, சொந்தத்தில் ஒருத்தரிடமும் இல்லாத மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இடிக்க மாட்டேன், குடும்பத்தோடு குடிவருவேன் என்றார். கூடவே அவர் மனைவி வந்திருந்தார், ஒரு வாஸ்துக்காரர் வந்திருந்தார். காரின் பின் ஸீட்டில் இன்னொரு பெண் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவருடைய தங்கை என்றும், போன வருஷம் அவள் வீட்டுக்காரர் பைக்கில் போய் இறந்துவிட்டார் என்றும், இப்போது இவர்களோடுதான் இருக்கிறாள் என்றும் அவர் மனைவி தணிந்த குரலில் சொன்னார். நல்ல காரியம் பேசும்போது உள்ளே வரவேண்டாம் என்று அவளாகவே இருந்துகொண்டாளாம்.

வாஸ்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, போனில் திசைகாட்டியைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு, கன்னி மூலையைத் தேடிக் கிளம்பினார். தென்மேற்கு மூலை அது. அதுதான் வீட்டுக்குப் பலம், அங்கேதான் பாரமான சாமான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சுவரோரமாக நடந்தார். நடந்து நடந்து வாசலுக்கே வந்து சேர்ந்தார். தப்பாகிவிட்டது என்று மறுபடி நடந்தார். துணிக்காரர் அவர் பின்னால் போனார். தரகர் அண்ணாச்சியும் என்னவோ ஏதோ என்று பின்னால் போனார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். இதே காட்சியை இதே ஹாலில் நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அது அப்பா இறந்த மறுநாள். எங்கள் சொந்தத்தில் புருஷனைப் பறிகொடுத்தவளை வீட்டில் ஒரு மூலை பார்த்து உட்கார வைத்துவிடுவார்கள். துட்டி கேட்க வருகிறவர்கள் அந்த மூலைக்குப் போய்க் கையைப் பிடித்து அழுதுவிட்டு வருவார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் பல பேர் அந்த மூலையை விட்டு எழுந்ததில்லை. என் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, முறையில் அணுவளவும் பிசகாதவள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூலை தேடி நடந்தாள். சுவரோரமாகவே போனாள், வாசல் வந்தது. வழியில் எங்கேயோ விட்டுவிட்டோம் என்று மறுபடி போனாள். அத்தைக்குப் பின்னால் சித்திகள், மதினிமார். அந்த நேரத்தில் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனங்கள் துட்டிக்கு வந்து இறங்கினார்கள். உள்ளே எல்லோரும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இது இவர்கள் வீட்டு முறை போலிருக்கிறது என்று அவர்களும் அழுதுகொண்டே பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் இரண்டு பீரோ, அவற்றைச் சுற்றி முப்பது நாற்பது பெண்கள். அப்பா பார்த்திருந்தால் பேப்பரைத் தாழ்த்தியிருப்பார்.

கடைசியில் அத்தைக்குத் தலை சுற்றிவிட்டது. “எங்கனயாவது உக்காரு போ” என்று கையை விட்டுவிட்டு அவளே சுவரில் சாய்ந்துவிட்டாள். அம்மா பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஹாலின் நடுவில் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒரு வருஷம் கழித்து, கயத்தாறு பக்கம் ஒரு சாவில் பெண்கள் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள் என்றும், அது இப்போது அங்கே முறையாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டோம். இதை நான் மதுரையில் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வாஸ்துக்காரர் சுற்றி முடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் அப்போதுதான் பீரோ பட்டது.

“நடு வீட்டுல யாரும்மா பாரத்தை வச்சது? இது பிரம்மஸ்தானம். காலியா இருக்கணும்.”

“நாப்பது வருசமா இங்கனதான் நிக்கி” என்றாள் அம்மா.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். இருக்கிற நிலையில் இந்த வீட்டுக்குப் பலன் சொல்ல முடியாது. ஆனால் பரிகாரம் உண்டு. தென்மேற்கில் இரண்டு குட்டைச் சுவரைச் சேர்த்து வைத்து ஒரு மூலை கட்டிவிட்டால் போதும். துணிக்காரருக்குச் சந்தோஷம். ஒரு நாள் வேலைதானே, அட்வான்ஸ் இன்றைக்கே தருகிறேன் என்றார். தரகர் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“மூலை கட்டக் கூடாது” என்றாள் அம்மா.

“ஒரே ஒரு மூலைதானம்மா.”

“அந்த ஒண்ணுதான் கூடாதுங்கேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவ்வளவு தூரம் வந்த காரியம். இதை விட்டால் மழைக்காலம் முழுக்க அவள் இங்கே, நான் அங்கே. “அம்மா, பிடிவாதம் பிடிக்காத” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. வாசல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெயில்ல எதுக்கு அந்தப் பிள்ள கார்ல கெடக்கு? உள்ள வரச் சொல்லுங்க.”

“பரவால்ல பெரியம்மா, நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

“காபி ஆறுது, வா தாயி.”

அம்மா கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். வாசலைத் தாண்டியதும் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி நிற்க இடம் தேடினாள். அவளுக்கே தெரியாமல் கால் சுவரோரமாகப் போனது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள், அங்கேயும் எல்லோருக்கும் தெரிந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். வட்டமான ஹாலில் எங்கே நின்றாலும் யாராவது ஒருத்தருக்கு முகம் தெரியும். அவள் நகர்ந்துகொண்டே போய்ப் பாதி வட்டம் சுற்றிவிட்டு, காபி டம்ளரோடு நின்று, “இங்கன மூலையே கிடையாதா பெரியம்மா?” என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா துணிக்காரர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“இவ அப்பா செத்த மறுநாளு என்னை உக்கார வைக்க மூலை தேடுனாக. கிடைக்கல. நடு வீட்டுல உக்காந்தேன். வந்தவுக எல்லாரும் என்னைச் சுத்தித்தான் உக்காந்தாக. பேச்சுக் குடுத்தாக, நானும் பேசுனேன். மறுமாசம் எந்திரிச்சு சந்தைக்குப் போனேன், கல்யாணத்துக்குப் போனேன். எங்க அக்காளுக்கு நல்ல சதுர வீடு. அவளை உக்கார வச்ச மூலையில இருந்துதான் அவளைத் தூக்குனாக. நீங்க நல்ல மனுசன். வேணும்னு செய்ய மாட்டிய. ஆனா மூலைன்னு ஒண்ணைக் கட்டி வச்சா, அதுல யாரையாவது கொண்டுபோய் உக்கார வைப்பிய.”

இத்தனை வருஷம் நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவந்த கதை இதுதான்.

அம்மா அப்பாவின் மர நாற்காலியை இழுத்து பீரோவுக்கு முன்னால் போட்டாள். “இப்படி வந்து உக்காரு தாயி.” அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தாள். அவர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். பிறகு, “உக்காரும்மா” என்றார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாஸ்துக்காரர் விரலை உயர்த்தினார். “பிரம்மஸ்தானத்துல ஆள்…”

“சாமி, நீங்க போய் கார்ல இருங்க. ஏசி போடச் சொல்லுதேன்” என்றார் துணிக்காரர்.

புரட்டாசியில் அவர்கள் பத்திரம் முடிக்க மாட்டார்கள் என்று ஆவணிக்குள்ளேயே முடித்துவிட்டோம். பீரோக்களை வெளியே எடுக்க ஆள் வந்தபோது அந்தப் பெண்ணே போன் செய்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள், நடுவில் சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும் என்றாள். அம்மா கண்ணாடி வைத்த பீரோவை விட்டுவிட்டு வந்தாள்.

மதுரையில் என் வீடு மற்ற எல்லோருடைய வீட்டையும் போன்ற பிளாட். என் வீட்டுக்காரர் மாமியாருக்காக ஹாலில் ஜன்னல் ஓரத்து மூலையை ஒழித்து, குஷன் வைத்த நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலும் வைத்திருந்தார். “அத்தை, இந்த மூலைக்கு நல்லாக் காத்து வரும்” என்றார் ஆசையாக. அம்மா பையைக் கீழே வைத்தாள். அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டே போய், அந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து, ஹாலின் நட்ட நடுவில் ஃபேனுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். சோபாவிலிருந்து பார்த்தால் இப்போது டிவி தெரியாது. பெட்ரூமிலிருந்து கிச்சனுக்கு நேராகப் போக முடியாது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான், “இருக்கட்டும்” என்றேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எங்கே போவதென்றாலும் அம்மாவைச் சுற்றித்தான் போகிறோம். போகிறவர்களை நிறுத்தி அவள் ஏதாவது பேசுகிறாள்.